அடுத்த ராலிக்கு முன் மணிக்கட்டில் ஒரு காசியோ: எஃப்-91டபிள்யூ விமர்சனம்

ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் அக்னிவீர் ராலியில் 1.6 கிலோமீட்டர் ஓட்டத்தை 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால் 60 மதிப்பெண். 5:31 முதல் 5:45 வரை என்றால் 48. ஒரே ஒரு விநாடி பிந்தினால் 12 மதிப்பெண் கைவிட்டுப் போகிறது. இப்படித் தவறவிட்டு ஊர் திரும்பும் பையன்களில் பலர் மறுநாளே இன்னும் அதிக தூரம் ஓடத் தொடங்குகிறார்கள். எந்த ரவுண்டில் நேரம் போனது என்று பார்ப்பதில்லை. அதைப் பார்க்காமல் ஆறு மாதம் ஓடினாலும் அடுத்த ராலியில் அதே இடத்தில்தான் மூச்சு வாங்கும். ரவுண்டு நேரத்தைப் பிடித்துத் தரும் கருவியாக இந்த வாட்ச் எப்படி என்பதுதான் இங்கே கேள்வி. மணி பார்க்க எந்த வாட்சும் போதும்.

1989இல் வந்த மாடல். இன்னும் விற்பனையில் இருக்கிறது. எடை 21 கிராம், தடிமன் 8.5 மில்லிமீட்டர். ஓடும்போது கையில் இருப்பதே தெரியாது. மாதத்துக்கு 30 விநாடி வரை முன்பின் போகலாம் என்று நிறுவனமே சொல்கிறது. ஐந்தரை நிமிட ஓட்டத்தில் அது ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்குகூட இல்லை, கவலை வேண்டாம்.

இடப்பக்கக் கீழ்ப் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் ஸ்டாப்வாட்ச் வரும். வலப்பக்கப் பொத்தான் ஓட்டவும் நிறுத்தவும். இடப்பக்க மேல் பொத்தான்தான் முக்கியம். ஓடிக்கொண்டிருக்கும்போது அதை அழுத்தினால் அந்த நொடியின் நேரம் திரையில் உறைந்து நிற்கும். உள்ளே எண்ணிக்கை தொடரும். மறுபடி அழுத்தினால் ஓடும் நேரம் திரும்பும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். உறைந்த திரையைப் பார்த்து வாட்ச் நின்றுவிட்டது என்று பயந்து வலப்பக்கத்தை அழுத்த, நிஜமாகவே நின்றுவிடும். இன்னொரு ஆபத்து முடிவில் இருக்கிறது. நிறுத்திய பிறகு வியர்வைக் கை மேல் பொத்தானில் பட்டால் எல்லாம் பூஜ்யமாகிவிடும். நேரத்தை நோட்டில் எழுதும்வரை அந்தப் பொத்தான் பக்கமே போகக் கூடாது.

பெரிய குறை, ரவுண்டு நேரங்களைச் சேமித்து வைக்காது. தனித்தனி ரவுண்டுக்கு எவ்வளவு என்றும் காட்டாது. தொடக்கத்திலிருந்து ஆன மொத்த நேரம்தான் தெரியும். அதனால் இலக்கையும் மொத்த நேரமாகவே மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். 400 மீட்டர் டிராக்கில் நான்கு ரவுண்டு. ரவுண்டுக்கு 82 விநாடி. 1:22, 2:44, 4:06, 5:28. இந்த நான்கு எண்கள் நாக்கில் இருந்தால் ஓடும்போது கணக்குப் போட வேண்டியதே இல்லை. 200 மீட்டர் கிரவுண்டு என்றால் எட்டு ரவுண்டு, ரவுண்டுக்கு 41.

5:45 ஆகும் ஓட்டத்தைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: 74, 84, 92, 95. கூட்டத்தோடு சேர்ந்து முதல் ரவுண்டில் பாய்ந்தது எட்டு விநாடி லாபம்போல் தெரியும். மூன்றாவது, நான்காவது ரவுண்டுகளில் அது 23 விநாடி நஷ்டமாகத் திரும்புகிறது. இவருக்குத் தேவை முதல் ரவுண்டை 82இல் அடக்கி ஓடும் பழக்கம். ஆனால் 82, 87, 88, 88 என்று வருபவரும் அதே 5:45 தான். இவருடைய தொடக்கத்தில் பிழை இல்லை. வேகத்தைத் தாங்கும் சக்தி போதவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே பயிற்சி கொடுப்பது வீண். இந்த வேறுபாட்டைக் காட்டுவதாலேயே இந்த வாட்ச் தன் விலைக்கு மேல் உழைக்கிறது.

இரண்டாமவருக்கு 400 மீட்டர் ஆறு முறை, வாரத்துக்கு இரண்டு நாள். இந்த மாடலில் பின்னோக்கி எண்ணும் டைமர் இல்லை. ஆனாலும் ஸ்டாப்வாட்சை நிறுத்தாமல் ஓடவிட்டு 0:00, 3:30, 7:00, 10:30, 14:00, 17:30 என்று கிளம்பினால் போதும். 82 விநாடியில் முடித்தால் இடையில் 2 நிமிடம் 8 விநாடி ஓய்வு. ஆறும் முடிய 19 நிமிடம்கூட ஆகாது. ஸ்டாப்வாட்ச் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக எண்ணும் என்பதால் தாராளமாகப் போதும். நான்காவது முறையே 86 ஆகிவிட்டால் அன்றைக்கு அதோடு நிறுத்துவது நல்லது. கணுக்காலுக்கு மேலே, முன்காலில் எலும்பின் ஒரே புள்ளியில் அழுத்தினால் வலித்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதன்மேல் ஓடினால் எலும்பில் விரிசல் விழலாம்.

எந்த வாட்சும் கிரவுண்டு அளவைத் திருத்தித் தராது. பள்ளி மைதானத்தில் உத்தேசமாகப் போட்ட சுண்ணாம்புக் கோட்டை நம்பி வரும் 5:20, ராலியில் 5:40 ஆகும். 30 மீட்டர் டேப் வாங்கி, உள் விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி ஒருமுறை அளந்துவிட வேண்டும். போன் ஜிபிஎஸ் வளைவுகளில் தடுமாறும், இதற்கு உதவாது.

விடியற்காலை ஓடுபவர்களுக்கு ஒரு செய்தி. விளக்கு சிறியது, திரையின் இடப்பக்கம் மட்டுமே தெளிவாகத் தெரியும். நேரத்தை உறையவைக்கும் அதே பொத்தான்தான் விளக்குக்கும் என்பதால் ஒரே அழுத்தில் இரண்டும் நடக்கும். வலது ஓரத்து நூறிலொரு பங்கு இலக்கங்கள் மங்கினாலும் நிமிடமும் விநாடியும் படிக்கலாம். மழைத்தூறல், வியர்வை தாங்கும். தண்ணீருக்குள் பொத்தானை அழுத்தக் கூடாது.

மூன்று பேர் சேர்ந்து பயிற்சி எடுத்தால் ஒருவர் ஓரத்தில் நின்று மற்ற இருவரின் முடிவு நேரத்தை இந்த ஒரே வாட்சில் எடுக்கலாம். முதல் ஆள் கோட்டைத் தொட்டதும் மேல் பொத்தான், இரண்டாம் ஆளுக்கு வலப்பக்கம். முதல் நேரத்தை எழுதிக்கொண்டு மேல் பொத்தானை அழுத்தினால் இரண்டாவது நேரம் வரும். பத்துப் பேரை ஓடவைக்கும் பயிற்சியாளருக்கு இது போதாது. ரவுண்டுகளைச் சேமிக்கும் கை ஸ்டாப்வாட்ச்தான் அவருக்குச் சரி. பீம் (கம்பியில் தொங்கி உடலை மேலே இழுப்பது) செட்டுகளுக்கு இடையே ஓய்வு பார்க்கவும் இந்த காசியோ உதவும், ஆனால் இரண்டு நிமிடம் ஆனதும் அதுவாக ஒலிக்காது.

போலிகள் நிறைய உலவுகின்றன. மணி காட்டும் நிலையில் வலப்பக்கப் பொத்தானை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் அசலில் நிறுவனத்தின் பெயர் திரையில் வரும். பின்மூடியில் 593 என்ற எண் பொறித்திருக்கும் அசலைப் பரவலாகப் பார்க்கலாம். பேட்டரி சிஆர்2016, ஏறத்தாழ ஏழு ஆண்டு வரும். பட்டை அதற்கு முன்பே வெடிக்கலாம். தனியாக வாங்கி மாற்றிக்கொள்ளலாம்.