அப்பாவுக்கு வாங்கிய நீட்டுத் தூண்டில்

இரண்டு தடவை மஸ்கெலியாவில் இருக்கும் மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்குக் கொண்டுபோய்ப் பாவித்துப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன். இழுத்து நீட்டும் தடி, ரீல், நூல், கொஞ்சம் தூண்டில் முள், ஒரு பை, எல்லாம் சேர்ந்த செட். ஒன்லைனில் 7,200 ரூபாவுக்கு வாங்கினேன். அப்பா தேயிலைத் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மாதம் அவருக்குக் கொடுத்தது.

தடி நல்ல தடி. நீட்டினால் 2.7 மீற்றர், சுருக்கினால் இரண்டடிக்குக் கொஞ்சம் கூட. ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகும் பஸ்ஸில் மூங்கில் தடியோடு ஏறிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அதுவும் சிவனொளிபாதமலை சீசன் என்றால் நிற்கவே இடம் கிடைக்காது. நாங்கள் பையை மடியில் வைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தோம்.

செட்டோடு வரும் நூலை மட்டும் நம்ப வேண்டாம். தடித்த, விறைப்பான தங்கூசி (நைலோன் நூல்). காலைக் குளிரில் ரீலைத் திறந்ததுமே சுருள் சுருளாகத் துள்ளி வெளியே வந்து சிக்கிக்கொண்டது. முதல் நாள் ஒரு மணி நேரம் சிக்கெடுத்ததிலேயே போனது. அப்புறம் ஹட்டன் டவுனில் 0.25 மில்லிமீற்றர் நூல் வாங்கிச் சுற்றினோம். திலாப்பியாவுக்கு அது தாராளம். அரைக் கிலோ மீன் வந்தும் அறுந்துபோகவில்லை.

முள் மட்டும் அள்ளிக்கொண்டு போங்கள். 1969இல் நீர்த்தேக்கம் கட்டி முடிந்தபோது பழைய மஸ்கெலியா டவுன் அப்படியே தண்ணீருக்குள் போய்விட்டது. அப்போது அப்பாவுக்கு எட்டு வயது. தண்ணீர் நன்றாக வற்றும் வருடங்களில் பழைய கோயில் வெளியே தெரியும். மற்ற நாட்களில் சுவரும் மரக்கட்டையும் அடியில் மறைந்து கிடக்கும். ஓரிடத்தில் நான் வீசப்போனபோது அப்பா கையைப் பிடித்தார். "அங்க வேணாம்மா, அதுக்குக் கீழ கடை வரிசை இருந்துச்சு." கேட்காமல் வீசினேன். முள் போனது, தக்கையும் போனது. அவர் காட்டிய இடத்தில் பாண் உருண்டை வைத்து வீசியதில், தக்கை இரண்டு தடவை மெல்ல ஆடிவிட்டுச் சாய்ந்தபடியே நகர்ந்தது. திலாப்பியா அப்படித்தான் இழுக்கும். உடனே சுண்டாமல் தக்கை முழுசாக அமிழும்வரை பொறுக்க வேண்டும் என்று அப்பா சொன்னார். அன்று ஏழு மீன். சிரட்டையில் கொண்டுபோன மண்புழுவை விடப் பாணுக்குத்தான் நன்றாகக் கடித்தது.

தடியில் இரண்டு குறை. கரையில் வண்டல் மண் அதிகம். தடியைத் தரையில் போட்டால் பொடி மண் மூட்டுக்குள் புகுந்து சுருக்க முடியாமல் இறுகிவிடுகிறது. இரண்டு பக்கமும் றப்பர் கையுறையால் பிடித்து, இழுக்காமல் திருகினால் விட்டுவிடும். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு துண்டையும் கழுவித் துடைத்துக் காய வைக்க வேண்டும். மற்றது, நுனி வளையம் இரண்டாம் பயணத்திலேயே கழன்று வந்தது. விற்றவருக்குப் படத்தோடு மூன்று தடவை எழுதினேன், ஒரு பதிலும் இல்லை. ஒரு வளையம் அனுப்ப எவ்வளவு செலவு? எனக்கு இன்னும் கோபம்தான். கடைசியில் அப்பா நூல் சுற்றி, பசை தடவி ஒட்டினார்.

போக நினைப்பவர்கள் ஜனவரியிலிருந்து ஏப்ரலுக்குள் போங்கள். மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கரை வழுக்கும், மண்சரிவும் வரும். சீசன் நேரத்தில் சனி, ஞாயிறு, போயா தினங்களைத் தவிர்த்துவிட்டு வார நாளில் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். அணைக்கட்டிலிருந்து தள்ளியே இருங்கள். அங்கே உட்கார விடமாட்டார்கள்.

விலைக்கு இந்தத் தடி போதும், ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். எனக்கென்று ஒன்று வாங்கும்போது ஹட்டனில் கடைக்கே போய், நீட்டி, வளையத்தை விரலால் அசைத்துப் பார்த்துத்தான் வாங்குவேன். அப்பா ஒட்டிய வளையம் இன்னும் அசையவில்லை.