ஏசாயா 7:8: அந்த அறுபத்தைந்து வருஷத்தை எங்கிருந்து எண்ணுவது?

ஏசாயா ஏழாம் அதிகாரம் என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது 14ஆம் வசனம்தான். கன்னிகை, இம்மானுவேல், கிறிஸ்துமஸ் ஆராதனை. அதற்கு ஆறு வசனம் முன்னால் ஒரு தேசத்தின் அழிவுக்குக் கெடு வைக்கும் வசனம் ஒன்று இருக்கிறது. அதை வாசித்த வேகத்திலேயே கடந்துவிடுகிறோம். "இன்னும் அறுபத்தைந்து வருஷங்களிலே எப்பிராயீம் ஒரு ஜனமாயிராதபடிக்கு நொறுங்குண்டுபோம்."

எப்பிராயீம் என்றால் இங்கே வடக்கு இஸ்ரவேல் ராஜ்யம். எண் சொல்லிவிட்டதால் சரிபார்க்க முடியும். சரிபார்த்தால்தான் இடிக்கிறது. ஏசாயா இதைச் சொன்னது ஏறக்குறைய கி.மு. 734இல். அதன் தலைநகரான சமாரியா அசீரியரிடம் விழுந்தது கி.மு. 722இல். பன்னிரண்டு வருஷத்தில் முடிந்துபோன ஒரு ராஜ்யத்துக்கு எதற்கு அறுபத்தைந்து?

இந்தக் கேள்விக்கு வியாக்கியானிகள் மூன்று வழிகளில் பதில் சொல்லியிருக்கிறார்கள். எண்ணை உள்ளபடியே எடுத்து முன்னோக்கி எண்ணுவது ஒன்று. 65 வருஷம் ஏசாயா பேசுவதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது என்று பின்னோக்கி எண்ணுவது இன்னொன்று. இந்த வரியே பிற்கால இடைச்செருகல் என்பது மூன்றாவது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அதற்கு முன் இது எந்தச் சூழ்நிலையில் சொல்லப்பட்டது என்பது தெரிந்திருக்க வேண்டும். மூன்று பதில்களுமே அதில்தான் நிற்கின்றன அல்லது விழுகின்றன.

சீரியாவின் ராஜா ரேத்சீனும், இஸ்ரவேலின் ராஜா பெக்காவும் கூட்டுச் சேர்ந்து யூதாவின்மேல் படையெடுக்கிறார்கள். யூதாவின் ராஜா ஆகாசைத் தள்ளிவிட்டு, தபேயாலின் குமாரன் என்ற தங்கள் ஆளை எருசலேமில் உட்காரவைப்பது திட்டம். அசீரியாவுக்கு எதிரான அணியில் யூதாவையும் இழுத்துப்போடுவதே நோக்கம் என்று பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். ஆகாஸ் ராஜாவானபோது வயது இருபதுதான். வண்ணார் துறை வழியில், மேல்குளத்து மதகின் கடைசியில் அவன் நிற்கும்போது ஏசாயா தன் மகன் சேயார் யாசூபையும் கூட்டிக்கொண்டு போய்ச் சந்திக்கிறார். முற்றுகை வந்தால் தண்ணீர் நிற்குமா என்று பார்க்கத்தான் ஆகாஸ் அங்கே போயிருப்பான் என்று சொல்வார்கள், நியாயமான ஊகம். ஏசாயா சொன்ன செய்தியின் சாரம்: பயப்படாதே, அந்த இரண்டு ராஜாக்களும் புகைகிற கொள்ளிக்கட்டைகள், அவ்வளவுதான்.

ஆகாஸ் கேட்கவில்லை. ஆலயத்திலும் அரண்மனைப் பொக்கிஷத்திலும் இருந்த வெள்ளியையும் பொன்னையும் எடுத்து, அசீரிய ராஜா திகிலாத்பிலேசருக்குக் காணிக்கையாக அனுப்பினான். யூதாவின் ராஜா கப்பம் கட்டினான் என்று திகிலாத்பிலேசரின் கல்வெட்டிலும் இருக்கிறது. 732இல் தமஸ்கு விழுந்தது, ரேத்சீன் கொல்லப்பட்டான், கலிலேயாவும் கீலேயாத்தும் அசீரியாவின் கைக்குப் போயின. பெக்காவின் இடத்தில் ஓசெயா வந்தான். பத்து வருஷம் கழித்துச் சமாரியா. அங்கிருந்து 27,290 பேரைப் பிடித்துக்கொண்டுபோனதாக அசீரிய ராஜா சர்கோன் தன் கல்வெட்டில் எழுதிவைத்திருக்கிறான்.

முன்னோக்கி எண்ணினால்

சபைகளில் அதிகம் கேட்கும் விளக்கம் இதுதான். 734இலிருந்து 65 வருஷம் கழித்தால் 669 வருகிறது. அது அசீரிய ராஜா எசரத்தோன் இறந்து, அசூர்பானிபால் பட்டத்துக்கு வந்த ஆண்டு. எஸ்றா புத்தகத்தின் நாலாம் அதிகாரத்தைத் திறந்தால் அங்கே ஒரு பொருத்தம் கண்ணில் படும். பாபிலோனிலிருந்து திரும்பிய யூதர்களிடம், ஆலயம் கட்ட நாங்களும் வருகிறோம் என்று கேட்டு வந்த ஜனங்கள், தங்களை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவன் எசரத்தோன் என்கிறார்கள் (4:2). எட்டு வசனம் தள்ளி, "அஸ்னாப்பார்" என்பவன் சமாரியாவின் பட்டணங்களில் ஜனங்களைக் குடியேற்றியதாக வருகிறது (4:10). அஸ்னாப்பார் என்பது அசூர்பானிபால்தான் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட கருத்து. ஆக, 722இல் ராஜ்யம் போனது, 670 வாக்கில் அந்நியக் குடியேற்றம் முழுமையடைந்து ஜனம் என்ற அடையாளமும் போனது என்று இரண்டு கட்டமாகப் பார்க்கிறார்கள். வசனமும் ராஜ்யம் என்று சொல்லவில்லை, ஜனம் என்றுதான் சொல்கிறது என்பார்கள்.

நல்ல விளக்கம்தான், பலவீனமும் உண்டு. சமாரியாவில் இப்படியொரு குடியேற்றம் நடந்ததற்கு முக்கியச் சாட்சி எஸ்றாவின் அந்த இரண்டு வசனமே. எசரத்தோனின் படைகள் இந்தப் பக்கம் வந்துபோனதில் சந்தேகமில்லை. சீதோனை அழித்தான், 671இல் எகிப்தின் மெம்பிஸைப் பிடித்தான், நினிவேயில் அரண்மனை கட்ட மரம் கொடுத்த ராஜாக்களின் பட்டியலில் யூதாவின் மனாசேயைக் குறிப்பிடுகிறான். ஆனால் சமாரியாவில் எந்த வருஷத்தில் எத்தனை பேரை இறக்கினான் என்று எஸ்றா சொல்வதில்லை. 669 என்பது நாம் கூட்டிக் கழித்துக் கொண்டுவந்த ஆண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் உலக வரலாற்றுக்கே வருஷம் குறித்த அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷரின் கணக்கில் ஆகாஸின் தொடக்கம் 742. அதிலிருந்து 65 கழித்தால் 677. அதை மனாசே சங்கிலியால் கட்டப்பட்டுப் பாபிலோனுக்குப் போன வருஷமாகவும் வைத்தார்கள். இன்றைய வரலாற்றாசிரியர்கள் கணக்கில் தொடக்கம் 734, முடிவு 669. எட்டு வருஷம் நகர்த்தியும் பொருத்தம் கெடவில்லையே என்றால், எசரத்தோன் 681இலிருந்து 669வரை ஆண்டவன்; இடம் தாராளமாக இருக்கிறது. இவ்வளவு இடம் கொடுக்கும் பொருத்தத்தைத் துல்லியம் என்று மேடையில் முழங்குவது எனக்கு ஒப்பவில்லை. அந்த 677ஐப் பிடித்துக்கொண்டுதான் அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பிரசங்கி 2,520 வருஷத்தைக் கூட்டி, 1843இல் கிறிஸ்து வருவார் என்று கணக்குப் போட்டார். அந்த வருஷம் வந்தது, போனது; அவர் சொன்னது நடக்கவில்லை.

பின்னோக்கி எண்ணினால்

பிரான்சின் துருவா நகரில் வாழ்ந்த யூத உரையாசிரியர் ராஷி (1040–1105) இந்தச் சிக்கலை வேறு பக்கமிருந்து அவிழ்க்கிறார். 65 வருஷம் ஏசாயாவிடமிருந்து தொடங்கவில்லை, ஆமோசிடமிருந்து தொடங்குகிறது என்கிறார். இஸ்ரவேல் சிறைப்பட்டுப் போவான் என்று முதலில் சொன்னவர் ஆமோஸ். அவர் பேசியது பூமியதிர்ச்சிக்கு இரண்டு வருஷம் முன்பு என்று அவர் புத்தகத்தின் முதல் வசனமே சொல்கிறது. அந்தப் பூமியதிர்ச்சி எப்போது? உசியா ராஜா ஆலயத்தில் தூபங்காட்டப் போய்க் குஷ்டம் பிடித்த அன்று என்பது யூத மரபு. முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸும் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறார்.

இனிக் கணக்கு. உசியா, யோதாம், ஆகாஸ், எசேக்கியா நால்வரும் யூதாவை அடுத்தடுத்து ஆண்ட ராஜாக்கள். பூமியதிர்ச்சிக்கு முந்தைய வருஷங்கள் 2. உசியா குஷ்டரோகியாக இருந்தது மரபின்படி 25. யோதாம் ஆண்டது 16. ஆகாஸ் ஆண்டது 16. எசேக்கியாவின் ஆறாம் வருஷத்தில் சமாரியா பிடிபட்டது என்று 2 இராஜாக்கள் 18:10 சொல்வதால் 6. மொத்தம் 65. ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை.

மூன்றில் படிக்க எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சமாரியாவின் வீழ்ச்சியையே இலக்காக வைக்கிறது, எஸ்றாவைத் தேடிப் போகவில்லை, வேதத்தின் எண்களை வைத்தே வேதத்தின் எண்ணை விளக்குகிறது. நூற்றுக்கணக்கான வருஷமாக யூதப் பள்ளிகளில் மாணவர்கள் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்த்து மகிழ்ந்திருப்பார்கள்.

ஆனால் தாங்குமா? தாங்காது. உசியா தனி வீட்டில் குஷ்டரோகியாக இருந்தபோது யோதாம்தான் தேசத்து ஜனங்களை நியாயம் விசாரித்தான் என்று இராஜாக்கள் புத்தகமே சொல்கிறது. அப்படியானால் யோதாமின் 16இல் ஒரு பகுதி உசியாவின் 25க்குள் அடங்கிவிடும். தனித்தனியாகக் கூட்டக் கூடாது. குஷ்டத்துக்கு 25 வருஷம் என்பதும் வேதத்தில் இல்லை. பூமியதிர்ச்சியைக் கி.மு. 760 வாக்கில் வைப்பதுதான் இன்றைய வழக்கம். வடக்கே உள்ள ஆத்சோர் பட்டணத்தின் அகழாய்வில் அந்தக் காலத்துச் சேதம் தெரிகிறது. அதிலிருந்து 722வரை எண்ணினால், ஆமோசின் இரண்டையும் சேர்த்தாலும் நாற்பதுதான் வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏசாயா "இன்னும்" என்கிறார். குளக்கரையில் நிற்பவனிடம் "இன்னும் 65 வருஷம்" என்று சொல்லிவிட்டு, அதில் நாற்பதுக்கு மேல் ஏற்கெனவே ஓடிவிட்டது என்று மனசுக்குள் வைத்துக்கொள்ளும் ஆள் இல்லை அவர்.

இடைச்செருகல் என்றால்

இதைக் கேட்டதும் சிலர் புத்தகத்தை மூடிவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். வசனத்தின் ஓசையைக் கேளுங்கள்: "சீரியாவின் தலை தமஸ்கு, தமஸ்குவின் தலை ரேத்சீன்... எப்பிராயீமின் தலை சமாரியா, சமாரியாவின் தலை ரெமலியாவின் மகன்" (அதாவது பெக்கா). 65 வருஷத்தை எடுத்துவிட்டு வாசித்தால் இரண்டு அடியும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்கின்றன. சொல்லாமல் விட்ட மூன்றாவது அடியும் காதில் விழுகிறது: யூதாவின் தலை எருசலேம், எருசலேமின் தலை தாவீதின் வம்சம். நடுவில் 65 வருஷம் வந்து அந்த ஓட்டத்தைத் தடுக்கிறது. எப்பிராயீமின் அழிவைச் சொல்ல வேண்டுமென்றால் எப்பிராயீமின் அடிக்குப் பின்னால் அல்லவா வர வேண்டும்? சீரியாவின் அடிக்குப் பின்னால் நிற்கிறது. ஓரத்தில் எழுதிய குறிப்பு பிரதி எடுக்கும்போது உள்ளே ஏறியதுபோலத்தான் தோன்றுகிறது. பழந்தமிழ் நூல்களின் பதிப்பு வரலாறு தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆங்கில மொழிபெயர்ப்புகள் சிலவும் இந்த வாக்கியத்தை அடைப்புக்குறிக்குள் வைக்கின்றன.

இதைவிடப் பலமான வாதம் ஆகாஸின் நிலைமை. வாசலில் படை நிற்கிறது. முப்பத்தாறு வயதில் சாகப்போகிறவனிடம், எதிரி 65 வருஷத்தில் அழிவான் என்றால் அது என்ன ஆறுதல்? இதே பகுதியில் ஏசாயா சொல்லும் மற்றக் கெடுக்கள் எல்லாம் குறுகியவை. பிறக்கப்போகும் பிள்ளைக்கு நன்மை தீமை தெரிவதற்குமுன் இரண்டு ராஜாக்களின் தேசமும் கைவிடப்படும் (7:16). அப்பா அம்மா என்று சொல்லப் பழகுமுன் தமஸ்குவின் ஆஸ்தியும் சமாரியாவின் கொள்ளையும் போய்விடும் (8:4). ஒன்றிரண்டு வருஷம், போனால் பத்து. ஆறுதலுக்கு அதுதான் பொருந்தும். இதற்கு மறுப்பாக, அடுத்த வசனம் "நீங்கள் விசுவாசியாவிட்டால்" என்று பன்மையில் பேசுகிறது, செய்தி ஆகாஸுக்கு மட்டுமல்ல, தாவீதின் வம்சம் முழுமைக்கும் என்பார்கள். மறுக்க முடியாத பதில்தான், ஆனாலும் ஓசைப் பிரச்சினை அப்படியே இருக்கிறது.

இடைச்செருகல் கட்சிக்கும் ஒரு செலவு உண்டு. இந்த வரி இல்லாத பிரதி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 1947இல் சவக்கடல் ஓரத்துக் கும்ரான் குகையில் கிடைத்த பெரிய ஏசாயா சுருளில் இருக்கிறது, செப்துவஜிந்தா என்ற பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் இருக்கிறது. சேர்த்திருந்தால் அவற்றுக்கும் முன்பே சேர்த்திருக்க வேண்டும்.

"அறுபத்தைந்து" முதலில் "ஆறு, ஐந்து" என்று இருந்திருக்கும், பிரதி எடுத்தவர் குழம்பிவிட்டார் என்று சொல்பவர்களும் உண்டு. பிரதி ஆதாரம் எதுவும் இல்லை, விட்டுவிடலாம்.

எந்தப் பக்கம் சாய்வது?

என் கட்சி இடைச்செருகல்தான், ஆனால் அதை எடுத்துக்கொண்டதும் முதல் விளக்கமும் கூடவே வந்துவிடுகிறது. பின்னால் வந்த ஒருவர் எழுதியது என்றே வைத்துக்கொள்வோம். அவருக்குச் சமாரியா விழுந்தது தெரியும். அதை மனதில் வைத்திருந்தால் பன்னிரண்டு, பதின்மூன்று என்றுதான் எழுதியிருப்பார். 65 என்று எழுதினார் என்றால், 670களை ஒட்டி நடந்த ஏதோ ஒன்றுதான் எப்பிராயீமின் உண்மையான முடிவு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எஸ்றா சொல்லும் குடியேற்றத்தைவிடப் பொருத்தமான நிகழ்ச்சி வேறு கையில் இல்லை. ஆகவே மேடையில் அடித்துக்கொள்ளும் இந்த இரண்டு கட்சியும் வரலாற்றில் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேருகின்றன. எழுதியது யார் என்பதில்தான் சண்டை. தனித்து நிற்பது ராஷி ஒருவர்தான்.

வேதபாட வகுப்பில் இதை எடுக்கிறவர்கள் அதனால் முதலில் எஸ்றா 4ஐ வாசித்துவிடுவது நல்லது. எழுதியவர் யார் என்ற விவாதம் அதற்குப் பிறகு வரட்டும். கூடவே எரேமியா 41:5ஐயும் வாசியுங்கள். எருசலேம் ஆலயம் எரிந்த பிறகு, அதாவது எசரத்தோனின் காலத்துக்கு எண்பதுக்கும் மேற்பட்ட வருஷம் கழித்து, சீகேம், சீலோ, சமாரியா ஆகிய ஊர்களிலிருந்து எண்பது பேர் தாடியைச் சிரைத்து, வஸ்திரங்களைக் கிழித்து, காணிக்கையும் தூபவர்க்கமும் எடுத்துக்கொண்டு கர்த்தருடைய ஆலயத்துக்கு வருகிறார்கள். மூன்றும் வடக்கு ராஜ்யத்து ஊர்கள். யோசியாவின் நாளிலும் எப்பிராயீமிலிருந்து ஆலயப் பணிக்குப் பணம் வந்ததாக 2 நாளாகமம் 34:9 சொல்கிறது. "ஒரு ஜனமாயிராதபடிக்கு" என்பதை ஆள் ஒருவர்கூட மிஞ்சாமல் என்று எடுத்தால், மூன்று விளக்கத்தில் எதுவும் இந்த எண்பது பேரைத் தாண்டிப் போக முடியாது. ராஜா, எல்லை, பெயர் எல்லாம் போய் மாகாணமாகிவிட்டது என்று எடுத்தால் மட்டுமே வசனம் நிற்கும்.