ஆறு பேர், மூன்று இரவு, ஒரு சமையலறை: கும்பகோணத்தில் கூடுபவர்களுக்கு

பத்துப் பன்னிரண்டு வருடம் இணையத்தில் எழுத்திலும் குரலிலும் மட்டுமே பழகிய நண்பர்கள் ஊருக்கு வரும்போது ஓட்டலில் சந்திப்பதுதான் வழக்கம். இரண்டு மணி நேரம் சாப்பாடு, ஒரு படம், பிறகு ஆளுக்கொரு வண்டி. அதைவிட மூன்று நாள் ஒரு வீடு எடுத்துத் தங்குவது எவ்வளவோ மேல். ஒருவர் எந்தக் கட்சி, எந்த ராகம் என்பதெல்லாம் தெரிந்திருக்கும். காப்பிக்குச் சர்க்கரை எத்தனை கரண்டி என்பது தெரியாது. அது தெரிய அடுப்படி வேண்டும். டிசம்பர் மாதத்தில் கும்பகோணத்தில் இது எப்படி நடக்கிறது என்பதை, அடுத்து வருபவர்களுக்காக எழுதி வைக்கிறோம். கணக்கெல்லாம் ஆறு பேருக்கு.

முதலில் வீடு. அக்ரகாரத்துப் பழைய வீடுகள் திண்ணை, முற்றம், ஊஞ்சலோடு நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. விளம்பரத்தில் சமையலறைப் படம் இருந்தால் போதாது. "சமைக்கலாமா, அசைவம் உண்டா, சிலிண்டர் உங்களுடையதா?" என்று மூன்று கேள்வியையும் முன்பணம் கட்டுமுன் கேளுங்கள். பல வீடுகளில் சைவம் மட்டும்தான். சில இடங்களில் சமையலறை என்பது வெந்நீர் வைக்கும் கெட்டில் மட்டுமே.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் யார் தங்கினாலும், வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை இணையவழியில் பதிய வேண்டும். 'ஃபார்ம் சி' என்று சொல்லித்தான் கேட்பார்கள். கடவுச்சீட்டின் முதல் பக்கம், விசா பக்கம் இரண்டின் நகலும் தேவை. இங்கே நண்பர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புனைபெயரிலேயே பழகியவர்களின் உண்மைப் பெயர், பிறந்த தேதி எல்லாம் அந்த நகல்களில் இருக்கும். குழுவில் போட்டு ஒருவர் தொகுத்து அனுப்ப வேண்டாம். அவரவர் நேரடியாக வீட்டுக்காரருக்கு அனுப்பட்டும். பெயரைச் சொல்வதும் சொல்லாததும் அவரவர் விருப்பம்.

சென்னை எழும்பூரிலிருந்து ரயிலில் வரலாம்: உழவன் இரவு வண்டி, சோழன் பகல் வண்டி. முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன்பு இது 120 நாளாக இருந்தது, பழைய நினைப்பில் இருக்காதீர்கள். பணத்துக்கு, வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்கள் சிங்கப்பூர், கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற சில நாட்டுக் கைபேசி எண்களோடேயே யூபிஐ இணைக்கலாம். விமானம் ஏறுமுன்பே முடித்துவிடுங்கள். இங்கே வந்தபின் ரோமிங்கில் ஓ.டி.பி. வராமல் நிற்கும். ஒருவர் மட்டும் எல்லாச் செலவையும் செய்து கடைசி நாள் பிரித்துக்கொள்வது சுலபம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சிலிண்டரைத் தூக்கிப் பாருங்கள். 14.2 கிலோ நிறைந்த உருளையின் மொத்த எடை 30 கிலோவுக்குப் பக்கம்; ஒரு கையால் எளிதாக நகர்ந்தால் பாதிகூட இருக்காது. தீர்ந்துபோனால் வீட்டுக்காரரின் பதிவு வந்து சேர நாளாகும். அப்போது கைகொடுப்பது 5 கிலோ சிறு சிலிண்டர். முகவரிச் சான்று இல்லாமல் அடையாள அட்டை காட்டி வாங்கலாம். மாற்றும்போது சிலிண்டர் வாய்க்குள் இருக்கும் ரப்பர் வாஷர் விரிசல் விட்டிருக்கிறதா பாருங்கள். கசிவு தெரிய சோப்பு நுரை தடவினால் போதும். இண்டக்‌ஷன் அடுப்பு இருந்தால் 16 ஆம்பியர் பெரிய சாக்கெட்டில் மட்டும் செருகுங்கள். 2000 வாட் என்றால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் சின்ன சாக்கெட் கருகிவிடும். கனடா, அமெரிக்காவிலிருந்து கொண்டுவரும் 120 வோல்ட் முடி உலர்த்தி முதல் நிமிடத்திலேயே போய்விடும்.

குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் கேன், நாளுக்கு ஒன்று. காலிக் கேனுக்கு முன்பணம் வாங்குவார்கள். திருப்பிக் கொடுக்கும்போது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி காப்பி. அரைத்துத் தரும் கடையில் பீபெரி, பிளான்டேஷன் ஏ என்ற இரண்டு வகைக் கொட்டையும் சமபங்கு, நூற்றுக்கு 20 சிக்கரி என்று சொல்லுங்கள். மூன்று நாளுக்கு 400 கிராம். ஒரு வேளைக்கு 60 கிராம் பொடி, 360 மில்லி தண்ணீர். பொடி தன் எடையைப் போல் இரண்டு மடங்கு நீரைக் குடித்துக்கொள்ளும். கீழே இறங்குவது 240 மில்லி, ஆளுக்கு 40. பொடியை அமுக்க வேண்டாம், பில்டரின் குடைத்தட்டை மேலே லேசாக வைத்தால் போதும். தண்ணீர் கொதித்து அடங்கியபின் சுற்றி ஊற்றுங்கள். டிகாக்‌ஷன் இறங்கவில்லை என்றால் மூன்றில் ஒன்று காரணம்: பொடி மாவாக அரைபட்டது, சிக்கரி கூடிப் பிசுபிசுத்தது, அல்லது துளைகள் அடைத்தது. கடைசியதற்கு வெறும் பில்டரின் அடியைத் தீயில் நொடி நேரம் காட்டித் தட்டினால் திறக்கும். பாலுக்கு ஆவின் பச்சைப் பாக்கெட் (4.5 சதம் கொழுப்பு) போதும்; ஆரஞ்சு (6 சதம்) காப்பிக்கு இன்னும் திடம். காலை, மாலை சேர்த்து அரை லிட்டர் பாக்கெட் மூன்று. பாலை மீண்டும் மீண்டும் காய்ச்சக் கூடாது. ஆடை கட்டி வாசம் மாறிவிடும். எல்லோருடைய டம்ளருக்கும் ஒரே சர்க்கரை போடாமல் தனியே வைப்பது நல்லது. இரண்டாம் நாள் காலை கேட்காமலேயே சரியாகக் கலந்து கையில் தருவார்கள் பாருங்கள், அதற்காகத்தான் இவ்வளவும்.

தூக்கம் ஒத்துப்போகாது என்பதையும் கணக்கில் வையுங்கள். சிங்கப்பூர்க்காரர்கள் நான்கு மணிக்கே எழுந்துவிடுவார்கள். டொரோன்டோக்காரர்களுக்கு இங்கே இரவு ஒன்பது மணி என்பது அங்கே காலை பத்தரை, நள்ளிரவில் பசிக்கும். மூடி வைத்த தயிர்சாதமும் வறுத்த மோர்மிளகாயும் அவர்களுக்கு. முற்றத்து விளக்கை அணைக்காதீர்கள். முதல் இரவு அங்கேதான் பேச்சு நீளும். வர முடியாத நண்பர் இருந்தால் கைபேசியைத் திண்ணைத் தூணில் சாய்த்து வைத்து அவரையும் சேர்த்துக்கொள்ளலாம். வேலை செய்துகொண்டே அவரும் கேட்டுக்கொண்டிருப்பார்.

சேர்ந்து சமைக்கக் கும்பகோணம் கடப்பாவைப் போல் பொருத்தமான பதார்த்தம் இல்லை. ஆறு பேருக்கும் கைவேலை உண்டு, இட்லிக்குத் தொட்டுக்கொள்ள அதற்கு இணையும் இல்லை. மாவு கடையில் 2 கிலோ வாங்குங்கள். பை உப்பியிருந்தால் புளித்துவிட்டது, ஊத்தப்பத்துக்குத்தான் ஆகும். 150 கிராம் பாசிப்பருப்பைக் குழைய வேகவைக்கவும். நான்கு உருளைக்கிழங்கைத் தனியே வேகவைத்து, பாதியை மசித்துப் பாதியைத் துண்டாக வையுங்கள். அரைமூடித் தேங்காய், இரண்டு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை, ஆறு பச்சைமிளகாய், ஒன்றரைத் தேக்கரண்டி சோம்பு, நான்கு பல் பூண்டு, வெந்நீரில் ஊறிய ஒரு தேக்கரண்டி கசகசா ஆகியவற்றை நைஸாக அரைக்க வேண்டும். பட்டை, கிராம்பு, பிரிஞ்சி இலை தாளித்து, இரண்டு வெங்காயம், ஒரு தக்காளி வதக்கிப் பருப்பும் கிழங்கும் சேர்த்து, கடைசியில் விழுதை ஊற்றவும். மிளகாய்த்தூள் கூடாது, மஞ்சள் சிட்டிகைக்கு மேல் வேண்டாம், கடப்பாவுக்கு வெளுத்த நிறமே அழகு. பொட்டுக்கடலை அடியில் தங்கிப் பிடிக்கும் என்பதால் விழுது விழுந்தபின் ஆறேழு நிமிடம், சிறுதீயில், கிளறிக்கொண்டே. ஆறினால் இறுகும், இறக்கும்போது கொஞ்சம் நீர்க்கவே இருக்கட்டும். எலுமிச்சையைத் தீ அணைத்தபின் பிழியுங்கள், முன்பே பிழிந்தால் கசக்கும்.

மதியச் சாப்பாட்டுக்கு நுனி இலை கேட்டு வாங்குங்கள். நுனி சாப்பிடுபவரின் இடப்பக்கம் வர வேண்டும். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் கூட வந்தால் முதல் இலையை அவர்களையே போட விடுங்கள். சாப்பிட்டபின் வெற்றிலை; கும்பகோணம் கொழுந்து வெற்றிலையின் காரம் மென்மையானது.

ஊர் திரும்பும் பெட்டியில் மிஞ்சிய கசகசாவை வைக்காதீர்கள். சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் அது தடைசெய்யப்பட்ட பொருள். பித்தளைப் பாத்திரம் வாங்கினால் உள்ளே வெள்ளீயம் பூசியதா என்று பாருங்கள். பூசாததில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பேறும்.

இரவு வண்டிக்குக் கட்டுச்சோறு: இட்லி ஆறியபின் நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியை இருபுறமும் தடவி, தணலில் வாட்டிய வாழையிலையில் மடிக்கவும். சூடாக மடித்தால் வியர்த்து ஊசிப்போகும். தயிர்சாதத்துக்கு முக்கால் பங்கு பால், இரண்டு கரண்டி தயிர் மட்டும். வண்டி விழுப்புரம் தாண்டும்போது பதமாகத் தோய்ந்திருக்கும்.