ஆமிஷ் குயில்ட் என்று நம்பி 916 டாலர் 90 சென்ட் தொலைத்தேன்

போன சனிக்கிழமை நடந்தது. இன்று வியாழன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, அதனால் கோர்வையாக இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள். பென்சில்வேனியாவில் லங்காஸ்டர் பக்கம் குயில்ட் (துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்த கனத்த போர்வை) வாங்கப் போகிறவர்கள் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நான் ஏமாந்த கதை.

ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறாள். நியூ ஜெர்சியில் இருப்பவர்களுக்குத் தெரியும், அப்பா அம்மா வந்தால் நயாகரா, வாஷிங்டன், அப்புறம் பென்சில்வேனியாவில், பழைய முறைப்படி எளிமையாக வாழும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் ஊர். எடிசனிலிருந்து இரண்டரை மணி நேரம். அம்மா முப்பது வருடம் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்து என்னைப் படிக்க வைத்தவள். மின்சாரக் கம்பியை வீட்டுக்குள் விடாதவர்கள், துண்டுத் துணிகளைக் கால் மிஷினில் இணைத்து, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துக் கையாலேயே தைப்பார்கள் என்று காரில் சொல்லிக்கொண்டே போனேன். "அதில் ஒண்ணு பார்க்கணும்டி" என்றாள். அவளுக்குப் பரிசாக வாங்கிக் கொடுத்துவிடுவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

ரூட் 30-இல் அவுட்லெட் கடைகள் வரிசையாக வரும் பகுதி. பெரிய பார்க்கிங், போர்டில் குதிரை வண்டிப் படம், வாரம் ஏழு நாளும் திறந்திருக்கும் என்ற அறிவிப்பு. கடைப் பெயரைப் போடவில்லை, கேஸ் கீஸ் என்று இழுத்துவிடுவார்கள். உள்ளே சுவர் முழுக்க வெள்ளைத் தொப்பி போட்ட பெண்களின் முகம் தெரியும் போட்டோக்கள். ஆமிஷ்காரர்கள் முகம் காட்டிப் போஸ் கொடுக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் உறைக்கவில்லை.

விற்றவருக்கு அறுபது வயதிருக்கும். அம்மாவைப் பார்த்ததும் தானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார், குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தார். நான் விழுந்த இடம் அதுதான். நம்ம ஊர் ஜவுளிக்கடையில் சோடா வாங்கிக் கொடுப்பார்களே, அதே வித்தை. குயில்ட்டை எடுத்து அம்மாவின் மடியிலேயே விரித்தார். நீலமும் மெரூனும், வளையத்துக்குள் வளையம். டபுள் வெட்டிங் ரிங் என்பார்கள். பக்கத்துப் பண்ணையில் ஒரு பாட்டி குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து தைத்தது என்றார்.

"கையால்தானே?"

"இந்தக் கடையில் எல்லாமே கையால் செய்ததுதான், மேடம்."

யாருடைய கை, எந்த நாட்டுக் கை என்று நான் கேட்கவில்லை. 1,400 டாலர் என்று சீட்டு தொங்கியது, அம்மாவுக்காக என்று 865-க்குக் கொடுத்தார். 6 சதவீத வரியோடு 916 டாலர் 90 சென்ட். கார்டைத் தேய்த்துவிட்டு அவருக்கு நன்றி வேறு சொன்னேன்.

திரும்பும் வழியில் பேர்ட்-இன்-ஹேண்ட் என்ற ஊரைத் தாண்டி ஒரு பண்ணைச் சந்தில் கையால் எழுதிய பலகை: குயில்ட் விற்பனை, ஞாயிறு விற்பனை இல்லை. சும்மா பார்க்கலாம் என்று திருப்பினோம். வீட்டுக்காரப் பெண் ஒரு கட்டிலில் இருபது குயில்ட்களை அடுக்கி வைத்து, ஒவ்வொன்றாகப் புரட்டி, தைத்தவர் இன்னார் என்று சொல்லிக்கொண்டே வந்தார். குவீன் சைஸ் எதுவும் ஆயிரத்துக்குக் கீழே இல்லை. அம்மா ஒன்றைத் தடவிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் டிக்கியிலிருந்து எங்களுடையதை எடுத்து வந்தேன். அந்தப் பெண் எதுவும் சொல்லவில்லை, ஒரு மூலையை மட்டும் திருப்பிப் போட்டுவிட்டு நகர்ந்துகொண்டார்.

அம்மா கைப்பையில் எப்போதும் இஞ்சு டேப் இருக்கும். அங்கே இருந்ததில் ஒரு இஞ்சுக்கு ஒன்பது தையல், எங்களுடையதில் நாலு, சில இடத்தில் அதுவும் இல்லை. "இது அவசர ஓட்டுத் தையல்டி. கூலிக்குத் தைத்தது." ஓர மடிப்புக்குள் அரை விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளை லேபிள். "மேட் இன்" வரை இருக்கிறது, அடுத்த சொல்லைக் கத்தரியால் வெட்டியிருக்கிறார்கள். இறக்குமதித் துணியில் தயாரான நாட்டின் பெயர் இருந்தாக வேண்டும் என்பது இங்கே சட்டம். நம்ம ஊரிலிருந்து வந்ததாகக்கூட இருக்கலாம் என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிறு போன் செய்தேன். ஓனர் இல்லை, நாளைக்குக் கூப்பிடுங்கள். திங்கள் வேறொரு பெண்: போட்டோ எடுத்து மெயில் அனுப்புங்கள். பதினோரு போட்டோ அனுப்பினேன், பதில் இல்லை. செவ்வாய் அந்த மனிதரே எடுத்தார். "எந்தக் குயில்ட்? ஒரு நாளைக்கு எத்தனையோ போகிறது." நாற்காலி போட்டது, தண்ணீர் கொடுத்தது எதுவும் அவருக்கு ஞாபகமில்லை. "நாங்கள் என்ன விற்றோம் என்பது ரசீதிலேயே இருக்கிறது." பார்த்தேன். "ஆமிஷ் ஸ்டைல் குயில்ட்." அடியில் பொடி எழுத்தில், விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது. ஸ்டைல்! அந்த ஒரு சொல்லுக்கு 916 டாலர் 90 சென்ட்.

கார்டு கொடுத்த வங்கியில், பொருளை நீங்களே பார்த்துத்தானே எடுத்தீர்கள் என்கிறார்கள். ஆமாம், பார்த்துத்தான் எடுத்தேன். இது ஆமிஷ் குயில்ட் இல்லை என்று வேறொரு குயில்ட் வியாபாரியிடம் எழுத்தில் வாங்கி அனுப்பினால் பரிசீலிப்பார்களாம்.

இந்தத் தகராறு பழையது. 1990களின் தொடக்கத்தில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகமே தன்னிடமிருந்த பழைய குயில்ட்களின் நகல்களைச் சீனாவில் தைத்து விற்க அனுமதி கொடுத்து, இங்கே குயில்ட் தைக்கும் பெண்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. லங்காஸ்டரிலும் ஆமிஷ் பெண்கள் மட்டும் தைப்பதில்லை, தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அங்கே குடியேறிய ஹ்மாங் இனப் பெண்களும் நன்றாகவே தைக்கிறார்கள். அதில் தப்பே இல்லை. யார் தைத்தது என்று கேட்டால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வெளிநாட்டில் கூலிக்குத் தைத்தவள் கையையும் நான் குறை சொல்லவில்லை. அவளுக்கு இதில் எத்தனை டாலர் போயிருக்கும்?

சரி, சொல்கிறேன் என்றேனே. யார் தைத்தது, எங்கே தைத்தது என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள், மழுப்பினால் வெளியே வந்துவிடுங்கள். ஸ்டைல் என்ற சொல்லைத் தேடுங்கள். ஓர மடிப்பில் வெட்டிய லேபிள் இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள், தையலை எண்ணுங்கள். பண்ணை வீடுகளில் பாருங்கள், கார்டு எடுக்காமல் போகலாம், பணமாக வைத்துக்கொள்ளுங்கள். வசந்த காலத்தில் போனால் தீயணைப்புப் படைக்காக ஊர் ஊராக ஏலம் நடக்கும், மட் சேல் என்பார்கள், அதிலும் நல்ல குயில்ட் வரும்.

இன்னும் எழுத நினைத்தேன், வங்கிக்காரர்கள் ஐந்து மணிக்கு மேல் போன் எடுக்க மாட்டார்கள். அம்மா அடுத்த வாரம் கிளம்புகிறாள். குயில்ட் இன்னும் டிக்கியில்தான் கிடக்கிறது. வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம் என்கிறாள்.