மொத்தக் கடையா, தெருமுனைக் கடையா?

சென்னை ராயபுரத்தில் முதன்முதலாகத் தனிச் சமையல் தொடங்கியபோது என் கையில் இருந்தது 2,000 ரூபாய். கொத்தவால்சாவடியை ஒட்டிய கோவிந்தப்ப நாயக்கன் தெருவின் மொத்த மளிகைக் கடைகளில் விலை குறைவு என்பது உண்மைதான். 1996இல் காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்குப் போன பின்னும் கொத்தவால்சாவடிப் பக்கம் மளிகை வியாபாரம் நிற்கவில்லை. மிளகாய், தனியா, மிளகு, சீரகம் வாங்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. மிளகாயை ஒடித்துப் பார்த்து, நன்றாகக் காய்ந்ததாகத் தேர்ந்தெடுக்கலாம்.

ஆனால் ஒரே நேரத்தில் 5 கிலோ துவரம்பருப்பு வாங்கியது என் தவறு. கடற்காற்றின் ஈரத்தில் மூன்றாம் வாரமே வண்டு பிடித்துவிட்டது. முறத்தில் போட்டுப் புடைத்தால் மாவு மாவாகப் பறந்தது. எடுத்துப் பார்த்த பருப்பிலெல்லாம் ஊசித் துளை. வயிறு எரிந்தது.

தெருமுனை அண்ணாச்சி கடையில் கிலோவுக்குச் சில ரூபாய் கூடுதல். ஆனால் கால் கிலோ பருப்பு, 100 மில்லி நல்லெண்ணெய் என்று வேண்டிய அளவில் கிடைக்கும், எதுவும் வீணாகாது. புதிதாகக் குடிவருபவர்கள் பருப்பு, ரவை, மாவு வகைகளை வாரம் ஒருமுறை அங்கேயே வாங்குங்கள். உப்பும் புளியும் எங்கே வாங்கினாலும் சரி. அரிசி அட்டை கையில் இருந்தால் முதலில் ரேஷன் கடைக்குப் போங்கள்: அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்.