ஒரே ப்ராஜெக்ட்ட ரெண்டு வாட்டி இழுத்தா: சீமேக்கா, மெஸானா, மேவனா?

கடலூர்லேர்ந்து தினம் பாண்டிக்கு பஸ் ஏறி வேலைக்குப் போற ஆளு நான், சீட்டு கெடச்சா லேப்டாப்ப தொறந்து பில்டு, அதாவது எழுதுன கோட சேத்து ப்ரோக்ராமா ஆக்குற வேல, ஓட விடுவேன், அரியாங்குப்பம் வர்றதுக்குள்ள எர்ரர் வந்துரும். ப்ரோக்ராம் என்ன பண்ணுதுன்னு குறிச்சு வைக்கிற லாகிங் லைப்ரரி ஒண்ணு இருக்கு, அத பில்லிங் மாட்யூலும் இழுக்குது, ரிப்போர்ட் மாட்யூலும் இழுக்குது. மாப்ள வீடும் பொண்ணு வீடும் ஒரே ஆளுக்கு தனித்தனியா பத்திரிகை வச்ச கதைதான். இத சீமேக், மெஸான், மேவன்னு மூணு பில்டு டூலும் எப்டி சமாளிக்குதுன்னு பாப்போம்.

சீமேக்ல ரெண்டு பக்கமும் ஆட் சப்டைரக்டரி (இன்னொரு ஃபோல்டர்ல இருக்கற ப்ராஜெக்ட்ட சேக்குற கமாண்ட்) போட்டா, பில்டு ஃபோல்டர் ஒண்ணாயிருந்தா 'இது ஏற்கனவே எடுத்தாச்சு'ன்னு நின்னுடும், சரின்னு ஃபோல்டர் பேர மாத்துனா இப்ப டார்கெட் (பில்டு பண்ணி எடுக்க வேண்டிய லைப்ரரி, ப்ரோக்ராம்) பேரு இடிக்கும். டார்கெட் இருக்கான்னு இஃப் போட்டு பாத்துட்டு சேக்கலாம், நெறைய பேர் அதத்தான் பண்றாங்க, ஆனா ரெண்டு எடத்துல ரெண்டு வெர்ஷன் கெடந்தா முந்தி வந்தது சத்தமில்லாம ஜெயிச்சிரும், எனக்கு ஒரு முழு நாள் போனது இதுலதான். சீமேக் 3.10 வெர்ஷன்ல வந்த இன்க்ளூட் கார்டுங்கற கமாண்ட் ஒரே ஃபைல திரும்ப படிக்காம தடுக்கும், ஃபோல்டர் சண்டைய தீக்காது.

மெஸான் இதுல சமத்து. ஒரே சப்ப்ராஜெக்ட்ட (உள்ள இழுக்கற இன்னொரு ப்ராஜெக்ட்) ரெண்டாவது வாட்டி கேட்டா மொத வாட்டி குடுத்ததையே எடுத்து குடுக்கும், நீங்க கேட்ட வெர்ஷன் அதுல இல்லேன்னா எர்ரர். மேவன் கறார், ஒரே அடையாளத்தோட ரெண்டு ப்ராஜெக்ட் வந்தா கம்பைலுக்கே போகாது.

அடுத்தது சுத்தி வர்றது, அதாவது பொண்ணு குடுத்து பொண்ணு எடுக்கற கேஸ், பில்லிங்குக்கு ரிப்போர்ட் வேணும் ரிப்போர்ட்டுக்கு பில்லிங் வேணும். மேவன் சுத்து இருக்குன்னு சொல்லி அங்கயே நிறுத்திடும். சீமேக் ஸ்டேட்டிக் லைப்ரரிங்களுக்குள்ள (ப்ரோக்ராமுக்குள்ளயே சேந்துடறது) மட்டும் விட்டுடும், எல்லாத்தையும் ஒண்ணா கோத்து லிங்க் பண்றப்போ ஒரே லைப்ரரிய திரும்ப திரும்ப அடுக்கி சமாளிக்கும், ஷேர்டு லைப்ரரின்னா (தனி ஃபைலா இருந்து ஓடறப்போ சேர்றது) எர்ரர்தான். மெஸான்ல முன்னாடி எழுதாத டார்கெட்ட கைகாட்டவே முடியாது, அதனால சுத்து போடவே வழியில்ல, சப்ப்ராஜெக்ட் சுத்துனா அதுவும் எர்ரர்.

நான் பயப்படுறது க்னூ மேக்குங்கற பழைய பில்டு டூலுக்குத்தான். சுத்து வந்தா ஒரு வரி முணுமுணுத்துட்டு 'இதுக்கு அது வேணும்'ங்கற அந்தக் கண்ணிய கழட்டி விட்டுட்டு போய்ட்டே இருக்கும், ஆயிரம் வரி அவுட்புட்ல அத எவன் பாப்பான்? கத்தி நிறுத்துற டூல்தான் எனக்கு சரி.

எங்க பழைய ப்ராஜெக்ட் இன்னும் சீமேக்தான், மேல் ஃபைல்ல ஒரே ஒரு தடவ லாகிங்க சேத்துட்டு மாட்யூல் ரெண்டுலயும் அந்த வரிய அழிச்சிட்டேன், பில்லிங்குக்கும் ரிப்போர்ட்டுக்கும் பொதுவா இருந்தத மூணாவதா ஒரு லைப்ரரியா பிரிச்சிட்டேன். புதுசா ஆரம்பிச்சது மட்டும் மெஸான்ல போகுது.