குடும்ப நீதிமன்றமா, சார்பு நீதிமன்றமா: ஒரே பென் டிரைவுக்கு இரண்டு வாசல்

சென்னையிலோ மதுரையிலோ இருப்பவர் விவாகரத்து மனுவைக் குடும்ப நீதிமன்றத்தில் போடுவார். குடும்ப நீதிமன்றம் இல்லாத பகுதிக்காரருக்கு சார்பு நீதிமன்றம்தான். மணவிலக்குக்கான காரணங்கள் இரண்டு இடத்திலும் ஒன்றே. எதைச் சாட்சியமாக உள்ளே விடலாம் என்பதில்தான் விதி மாறுகிறது.

சார்பு நீதிமன்றத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியம், அதாவது புதிய சாட்சியச் சட்டம், முழுசாகப் பொருந்தும். வாட்ஸ்அப் நகலோ ஆடியோவோ கொடுத்தால் 63-வது பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அதில் ஹேஷ் மதிப்பு, அதாவது கோப்பை மாற்றினால் காட்டிக்கொடுக்கும் டிஜிட்டல் கைரேகை, இருக்க வேண்டும். கொடுப்பவர் ஒரு பகுதியிலும் நிபுணர் இன்னொரு பகுதியிலும் கையெழுத்திட வேண்டும். சான்றிதழ் இல்லையென்றால், சான்றாவணமாக மார்க் பண்ணும்போதே எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து ஆட்சேபிப்பார்.

குடும்ப நீதிமன்றத்தில் 1984-ஆம் வருஷக் குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 14-வது பிரிவு இருக்கிறது. வழக்கைத் தீர்க்க உதவும் என்று நீதிபதி கருதினால் எந்த அறிக்கையையும் ஆவணத்தையும் வாங்கிக்கொள்ளலாம்; சாட்சியச் சட்டப்படி அது ஏற்கத்தக்கதா என்று பார்க்க வேண்டியதில்லை. 15-வது பிரிவுப்படி வாய்மொழிச் சாட்சியத்தை வரிக்கு வரி எழுதாமல் சாரத்தை மட்டும் குறித்தால் போதும். வக்கீல் வைத்துக்கொள்வதும் அங்கே உரிமையல்ல, அனுமதிதான். வக்கீல் இல்லாமல் நிற்பவர் சான்றிதழ் விதிகளில் மாட்டிக்கொண்டு தோற்கக் கூடாது என்பதால், இந்தத் தளர்வு எனக்கு நியாயமாகவே படுகிறது.

ஆனால் 14-வது பிரிவு இருக்கிறதே என்று துணையின் போனைக் குடைகிறவர்களைப் பார்த்தால்தான் கவலை. 2024 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை முன் பரமக்குடி சார்பு நீதிமன்ற வழக்கு ஒன்று வந்தது. மனைவியின் போன் அழைப்பு விவரங்களை அவருக்குத் தெரியாமல் கணவர் எடுத்துக் கொடுத்திருந்தார். தம்பதிக்குள்ளும் அந்தரங்க உரிமை உண்டு, அதை மீறி எடுத்தது சாட்சியமாகாது என்றார் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வேறு பக்கம் நின்றது. பஞ்சாபின் பட்டிண்டா குடும்ப நீதிமன்ற வழக்கில், மனைவி தன்னிடம் பேசியதை ரகசியமாகப் பதிவு செய்த கணவரின் ஆடியோவை ஏற்கலாம் என்றது.

இரண்டையும் நேர் எதிராக வைப்பது அவசரம் என்பேன். பட்டிண்டா வழக்கில் இருந்தது கணவன் மனைவி தங்களுக்குள் பேசிக்கொண்டது. அந்தப் பேச்சைக் காக்கும் சட்டப்பிரிவே, இருவரும் ஒருவர் மேல் ஒருவர் தொடுக்கும் வழக்குக்கு விலக்கு வைத்திருக்கிறது. அந்த விலக்கு சார்பு நீதிமன்றத்திலும் செல்லும். மனைவி யார் யாருக்கு போன் செய்தார் என்ற பட்டியலுக்கு அந்த விலக்கு தானாக நீளாது. ஆகவே 2025 தீர்ப்பை வைத்துக்கொண்டு யாருடைய போனையும் திறக்கலாம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

சாட்சியம் உள்ளே வந்த பிறகு இரண்டு நீதிமன்றத்திலும் தராசு ஒன்றுதான். எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்ப்பார்கள். கிரிமினல் வழக்கு போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. குரல் யாருடையது, நடுவில் வெட்டியிருக்கிறதா என்ற கேள்விகளிலிருந்து 14-வது பிரிவு யாரையும் காப்பாற்றாது. நாற்பது நிமிடச் சண்டையில் இரண்டு நிமிடத்தை மட்டும் நறுக்கிக் கொடுத்தவர், மிச்சம் எங்கே என்ற ஒரே கேள்வியில் குறுக்கு விசாரணையில் திணறுவார்.

ஜீவனாம்சத்தில் வித்தியாசம் அதிகமில்லை. 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி சொத்து, வருமான விவரங்களை இரு தரப்பும் பிரமாணப் பத்திரமாகக் கொடுத்தாக வேண்டும்.

இதையெல்லாம் பார்த்தால், குடும்ப நீதிமன்றத்தில் வழக்கு இருப்பவரும் 63-வது பிரிவுச் சான்றிதழை வாங்கி வைப்பதே நல்லது. அதே சண்டையில் வரதட்சணைக் கொடுமைப் புகாரும் இருந்தால் அது மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போகும். 14-வது பிரிவு அங்கே கிடையாது. பதிவு செய்த போனையும் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். பென் டிரைவில் இருப்பது நகல்தான். மூலத்தைக் காட்டு என்று எந்த நீதிமன்றமும் கேட்கலாம்.